மரநாய்க்கு ஒரு எஸ்டிமேட்



எஸ்டிமேட்டிங் பாடம் என்றால் நம்மில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும், மீதிப் பேருக்குக் காய்ச்சல் வரும். நீளம், அகலம், உயரம், அளவு, விலை, தொகை என்று ஆறு கட்டம் போட்டு நிரப்பும் வேலைதானே என்று நானும் நினைத்தவள்தான். அந்த ஆறு கட்டத்துக்குள் எங்கள் வீட்டுக் கூரையில் குடியிருந்த ஒரு மரநாயைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. வீட்டுக்குள் புகுந்த காட்டு விலங்கை வெளியேற்ற உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடும் விருந்தாளியும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் பாதையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. 20 அடி நீளம், 12 அடி அகலம், மங்களூர் ஓடு. அப்பாவுக்கு நார் மில்லில் தினக்கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், "படிக்கிற புள்ள தலையில தூசி விழக்கூடாது" என்று அப்பா கடன் வாங்கி ஓட்டுக்கு அடியில் பிளைவுட் சீலிங் அடித்துக் கொடுத்தார். எங்கள் தெருவிலேயே சீலிங் போட்ட ஓட்டு வீடு எங்களுடையது மட்டும்தான். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

2024 ஐப்பசி மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்தச் சீலிங்கில் யாரோ நடக்கிற சத்தம். அம்மாயி முனி என்றார். தம்பி திருடன் என்றான். மூன்றாம் நாள் காலையில் என் பில்டிங் டிராயிங் ஷீட்டின் மேல், சரியாக வடக்குத் திசை குறி போட்ட இடத்தில், மஞ்சளாக ஒரு சொட்டு. முனிக்கு மூத்திரம் வராது என்பதால் அது விலங்குதான் என்று முடிவாயிற்று.

அது மரநாய். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிற மலையாளக்காரர்கள் மரப்பட்டி என்பார்கள். பெயரில்தான் நாய் இருக்கிறதே தவிர, அது நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுப்பூனையின் இனம். பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கி ராத்திரியில் இரை தேடும். பழம், எலி, பூச்சி எல்லாம் தின்னும். பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் கழிப்பதால் காட்டில் மரம் முளைக்க உதவும் விலங்கு. இந்தோனேசியாவில் இது தின்று கழித்த காப்பிக்கொட்டையைப் பொறுக்கிக் கழுவி வறுத்து மிக உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். அங்கே அது வருமானம். எங்கள் சீலிங்கில் அது செலவு!

பொந்துள்ள பழைய மரங்கள் குறைந்துவிட்டதால், ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இருட்டான, மழை படாத இடம் அதற்கு நல்ல பொந்தாகத் தெரிகிறது. நாம் சீலிங் அடிக்கும்போது நமக்கு ஒரு கூரை, அதற்கு ஒரு மாடி என்று சேர்த்தே கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

முதல் தடவை செய்த தப்பு

ஊரில் ஒருவர் இந்த மாதிரி பிடித்துக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டு அப்பா போய்க் கூட்டிவந்தார். அவர் வீட்டை அண்ணாந்து பார்த்தார். "ஆயிரத்தைந்நூறு ஆகுமுங்க" என்றார். எந்த ஓட்டை வழியாக வருகிறது, எத்தனை இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கால்குலேட்டருக்கு என்று அம்மா சேர்த்து வைத்திருந்த பணம் சரியாக அவ்வளவு இருந்தது. எடுத்துக் கொடுத்தோம்.

வாழைப்பழம் வைத்த இரும்புக் கூண்டில் இரண்டாம் நாள் ராத்திரி மரநாய் மாட்டியது. சாக்கைப் போர்த்தி எடுத்துப் போய்விட்டார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினோம்.

அடுத்த நாள் ராத்திரி சீலிங்கிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. எலிச் சத்தம் என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாளும் கேட்டது, கொஞ்சம் குறைவாக. அப்புறம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்குள் உட்கார முடியாத நாற்றம். பிடித்தவரைக் கூப்பிட்டால், "நான் புடிக்கத்தானுங்க காசு வாங்கினேன், கூட்டறதுக்கு இல்லீங்களே" என்றுவிட்டார். வேறு ஒரு ஆளை வைத்து இரண்டு பலகையைக் கழற்றினோம். மூன்று குட்டி. கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அம்மா எதுவும் பேசவில்லை. மூன்றையும் ஒரு பழைய துணியில் சுற்றித் தென்னை மரத்தடியில் புதைத்தார்.

கறை பிடித்த பலகை இரண்டும் வீணாகி, புதுசு வாங்கி அடித்தோம். கடன் முடியாத சீலிங்குக்கு மறுபடியும் ஒரு கடன்.

2025 தை மாதம், அதே சத்தம். வேறொரு மரநாய். அதே ஓட்டை.

கணக்கு எழுதினேன்

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், எஸ்டிமேட்டிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் தடவை ஆன செலவை வரிசையாக எழுதினேன்.

1. பிடித்தவர் கூலி: ரூ.1500
2. பலகை கழற்றி, சுத்தம் செய்த ஆள் கூலி: ரூ.700
3. பிளைவுட் 2 ஷீட், ஷீட் ரூ.1100 வீதம்: ரூ.2200
4. பினாயில், சோப்புத்தூள், சாக்கு: ரூ.180
5. அப்பா வேலைக்குப் போகாத 2 நாள், நாள் ரூ.600 வீதம்: ரூ.1200

மொத்தம் ரூ.5780.

ஐந்தாவது வரியை அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஊட்ல இருந்தது எப்படிக் கண்ணு செலவாகும்?" என்றார். சொந்த உழைப்பையும் விலை போட்டுத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் சார் வகுப்பில் சொன்னதைச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படிப் பாத்தா நான் எவ்வளவோ எழுதோணுமே" என்று சிரித்தார்.

நண்பர்களே, இந்தக் கணக்கில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, நாங்கள் பேசிய விலை 1500. ஆன செலவு அதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. இரண்டு, இத்தனை வரியில் ஓட்டையை அடைத்ததற்கு ஒரு வரிகூட இல்லை. 5780 ரூபாய் செலவழித்து ஓட்டையைத் திறந்தபடியே வைத்திருந்தோம்!

செலவு எதைப் பொறுத்தது?

வீட்டைப் பார்க்காமலே சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது தோராய மதிப்பீடு. ஒவ்வொரு வேலையையும் அளந்து எழுதுவது விரிவான மதிப்பீடு. "ஆயிரத்தைந்நூறு ஆகும்" என்பது முதல் வகை. இரண்டாவது வகை போட வேண்டுமானால் கீழ்க்கண்ட ஆறு கேள்விக்கும் விடை வேண்டும்.

1. என்ன விலங்கு? கால் தடம், கழிவு, சத்தம் கேட்கும் நேரம் ஆகியவற்றால் தெரியும். எலி, மரநாய், பாம்பு, வௌவால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.
2. எத்தனை? குட்டி உண்டா? செலவை ஏற்றுவதும் பாவத்தைச் சேர்ப்பதும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான்.
3. எங்கே இருக்கிறது? ஏணியில் எட்டுமா, ஓடு பிரிக்க வேண்டுமா, சாரம் கட்ட வேண்டுமா?
4. எது வழியாக வருகிறது? வழி ஒன்றா, பலவா?
5. என்ன சேதம்? பலகை, ஓடு, ஒயர்.
6. சுத்தம் செய்ய என்ன வேண்டும்?

இதில் பிடிக்கும் கூலி எங்கே வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாவது தடவை நான் அப்பாவை வனச்சரக அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அரசு அலுவலகம் என்றால் அப்பாவுக்குத் தயக்கம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். நடந்ததை நான்தான் சொன்னேன்.

அங்கிருந்த வனக்காப்பாளர் கோபப்படவில்லை. ஆனால், "ஏம்மா, கூண்டு வெச்சுப் புடிச்சதே தப்புன்னு தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மரநாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, கூண்டோ கண்ணியோ வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். சிறைத் தண்டனையும் உண்டு, அபராதமும் உண்டு. வாழைப்பழத்தில் எலி மருந்து தடவி வைத்தால் 50 ரூபாயில் முடியும் என்று சொல்லுகிற புத்திசாலிகள் எல்லா ஊரிலும் உண்டு. அது குற்றம், அதோடு சீலிங்குக்குள் செத்துக் கிடந்தால் மேலே எழுதிய 5780 மறுபடி ஆரம்பமாகும்.

வனத்துறையினர் நேரில் வந்து பார்த்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, குட்டி இல்லை என்று உறுதி செய்தார்கள். குட்டி இருந்தால் அவை தாயோடு வெளியே நடமாடும்வரை, இரண்டு மூன்று மாதம், பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். "அதை நீங்க புடிக்க வேண்டாம். அது தினமும் ராத்திரி தானாகவே வெளிய போகுது. போனது திரும்ப வராம பண்ணுங்க, போதும்" என்றார் வனக்காப்பாளர்.

இந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் எஸ்டிமேட்டின் முதல் வரி அடிபட்டுப் போனது. பிடிக்கும் கூலி: இல்லை.

இரண்டாம் தடவை செய்தது

முதலில் வழி கண்டுபிடித்தோம். சுவர் உச்சிக்கும் ஓட்டுக்கும் நடுவே, கைமரத்துக்குக் கைமரம், எறவாரத்தில் நாலைந்து அங்குல இடைவெளி இருந்தது. சுவரின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தோம். காலையில் தென்கிழக்கு மூலையில் மட்டும் கால் தடம். அங்கே ஆறு ஓடும் உடைந்திருந்தது. பக்கத்துக் கொய்யா மரத்தின் கிளை ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏணி போட்டுக் கொடுத்ததே நாம்தான்.

பிறகு அளந்தேன். 20 அடிச் சுவர் இரண்டு; ஆக 40 அடி. கம்பி வலை 3 அடி அகலத்தில் வருகிறது. 14 அடி வாங்கி நீளவாக்கில் மூன்றாக வெட்டினால், 1 அடி அகலத்தில் 42 அடி. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கினோம். கோழி வலை விலை குறைவுதான், ஆனால் கடித்தும் இழுத்தும் பிரித்துவிடும்.

எஸ்டிமேட் இதோ:

1. வெல்டு மெஷ் 14 × 3 = 42 சதுர அடி, ரூ.22 வீதம்: ரூ.924
2. ஓடு 6, ரூ.45 வீதம்: ரூ.270
3. சிமெண்ட், மணல்: ரூ.150
4. ஆணி, கட்டுக்கம்பி: ரூ.120
5. கொத்தனார் 1 நாள்: ரூ.1000
6. அப்பா 1 நாள்: ரூ.600
7. பினாயில், கையுறை, முகமூடி: ரூ.150

கூட்டுத்தொகை ரூ.3214. எதிர்பாராச் செலவுக்கு 5 சதவீதம் ரூ.161. ஆக மொத்தம் ரூ.3375. (எதிர்பாராச் செலவில் பாதி, கொத்தனாரின் டீயும் போண்டாவுமாகப் போனது. அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்!)

வேலை செய்த வரிசைதான் முக்கியம். கொய்யாக் கிளையை முதலில் வெட்டினோம். பகலில் மற்ற இடமெல்லாம் வலை அடித்துச் சாந்து பூசி, தென்கிழக்கு மூலையை மட்டும் திறந்து வைத்தோம். சாயந்தரம் அங்கே புதுச் சாம்பல். ராத்திரி எட்டரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் தடம் வெளிப்பக்கம் மட்டும் போயிருந்தது. உடனே அப்பா ஏணியில் ஏறி, வெட்டி வைத்த வலையைக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். நான் கீழே விளக்குப் பிடித்தேன். அடுத்த இரண்டு ராத்திரியும் சீலிங்கில் காது வைத்துக் கேட்டோம். உள்ளே எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த மூலைக்குச் சாந்து. காய்ந்த கழிவைத் துடைப்பத்தால் கூட்டாமல், பினாயில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி அள்ளினோம். தூசி மூக்கில் ஏறக்கூடாது.

முதல் ராத்திரி அது திரும்பி வந்து ஓட்டின் மேல் சுற்றிச் சுற்றி நடந்தது. அம்மாயி, "பாவம், ஊடு தேடுது" என்றார். பிறகு தோப்புப் பக்கம் போய்விட்டது. இப்போதும் சில ராத்திரியில் தென்னை மட்டையில் அதன் கண் மின்னுவதைப் பார்க்கிறோம்.

மற்ற விருந்தாளிகள்

பாம்பு: நீங்களாகப் பிடிக்கவோ அடிக்கவோ வேண்டாம். கண் பார்வையில் வைத்துக்கொண்டு, தூர நின்று, 101-க்குப் போன் செய்யுங்கள். எங்கள் தெருவுக்குத் தீயணைப்பு வீரர்கள் வந்து ஒரு சாரையைப் பிடித்துப் போனார்கள், பணம் கேட்கவில்லை. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அது 1978-இல் தொடங்கியது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பு பிடிப்பது தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில்நுட்பம். நாம் செல்போன் பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை. பாம்பு வருவது எலிக்காக. எனவே பாம்புக்கான எஸ்டிமேட்டில் முதல் வரி, எலி வளையை அடைப்பதும் சுவரோரம் குவித்த செங்கலை அகற்றுவதும்.

வௌவால்: பகலில் ஓட்டையை அடைத்தால் எல்லாம் உள்ளே சாகும். அந்தி சாய்ந்து அவை வெளியேறிய பிறகே அடைக்க வேண்டும். பறக்காத குஞ்சு இருந்தால் காத்திருக்க வேண்டும். எங்கள் சீலிங்கில் நடந்தது போதும்.

குரங்கு: வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்த விலங்கு கடித்தாலும் கீறினாலும், மரநாய் உட்பட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

முடிவுரை

5780 ரூபாய் கொடுத்தது விலங்கை எடுக்க. 3375 ரூபாய் கொடுத்தது ஓட்டையை எடுக்க. முதலாவது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. விலங்கை வெளியேற்றும் செலவு என்று நாம் சொல்வது உண்மையில் கட்டட வேலையில் விட்டுப்போன ஒரு வரியின் செலவுதான்.

அந்த வரியை விட்டது யார்? எங்கள் வீட்டைக் கட்டியவருக்கு எஸ்டிமேட் தெரியாது. சீலிங் அடித்தவர் பலகையை மட்டும் அளந்தார். ஆனால் நாளைக்கு வீடு வரையப்போவது நாம். சிவில் பிரிவு நண்பர்களே, ஓட்டு வீட்டுக்குச் செக்‌ஷன் வரையும்போது எறவாரத்தில் கம்பி வலை என்று ஒரு அம்புக்குறி போடுங்கள். வென்டிலேட்டருக்கு வலை எழுதுங்கள். ஓடு வேயும்போதே அடித்தால் தனிச் சாரம் வேண்டாம், தனி ஆள் வேண்டாம். வலை விலை மட்டும்தான். எலெக்ட்ரிகல் நண்பர்களே, சீலிங்குக்குள் ஒயரைக் குழாய் இல்லாமல் தொங்கவிடாதீர்கள். மற்ற பிரிவு நண்பர்களே, உங்கள் வீட்டு எறவாரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

நோட்டில் இரண்டு எஸ்டிமேட்டையும் எழுதி முடித்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கேட்டுவிட்டு, "அந்த மூணு குட்டிக்கு எந்தக் கட்டத்துல எழுதுன?" என்றார். எழுதவில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலிலேயே அளந்திருந்தால் எழுத வேண்டி வந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

கால்குலேட்டர் இன்னும் வாங்கவில்லை. மேலே உள்ள கூட்டல் எல்லாம் கையால் போட்டது. தப்பு இருந்தால் ஆசிரியர் குழு மன்னிக்கவும்.



— மூன்றாமாண்டு மாணவி, அமைப்பியல் பிரிவு